வலை பார்க்கப் போனவர்

ஓஸ்லோ
11 பிப்ரவரி 1934

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் ரக்னாவும் சுகம். கிறிஸ்துமஸில் பிடித்த இருமல் மட்டும் என்னை விடுவதாக இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் லொஃபோட்டனுக்கு மீன்பிடிக்கக் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்வரை ஆடு, மாடு, வாசல் பனி எல்லாம் உன் தலையில்தான்.

புது நாவல் ஆரம்பித்திருக்கிறேன். இது ஆறாவது. முந்தைய ஐந்திலும் யாராவது ஒரு மீனவன் மூழ்கிச் சாகிறான். போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, "உங்க ஊர்ல யாருமே படுக்கையில சாக மாட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. ஐந்து பேரை மூழ்கடித்திருக்கிறேன், அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

ஆகவே இது அப்பாவின் புத்தகம். பத்து அத்தியாயம் தானாக ஓடி வந்தது. பதினொன்றாவது, அப்பா கடலுக்குப் போன அந்த அக்டோபர் காலையில் வந்து நின்றுவிட்டது. நான் நிமோனியாவில் கிடந்தேன், ஒன்றும் நினைவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய். அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது? என்ன உடுத்தியிருந்தார்? என்ன சாப்பிட்டார்? சின்ன விஷயம்தானே என்று எதையும் விட்டுவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
அன்ஸ்கார்


ஸ்கார்வெய்
9 மார்ச் 1934

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் பேசும், மற்ற நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும். இருமலுக்கு வெங்காயத்தை நறுக்கிச் சர்க்கரையில் ஊறப்போட்டு அந்தச் சாற்றைக் குடி. பட்டணத்து மருந்தை நம்பாதே.

உன் அத்தானிடமிருந்து ஒரே ஒரு தபால் அட்டை வந்தது. மீன் நன்றாக விழுகிறதாம். கடைக்காரர் கொர்னேலியுஸ் உன் நாலாவது நாவலை இரண்டாம் முறை படித்து முடித்துவிட்டார். அதில் வருகிற கஞ்சக் கடைக்காரன் தான்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறார். "கஞ்சன்னு எழுதட்டும், பொறுத்துக்கறேன். வழுக்கைன்னு எதுக்கு எழுதினான்? முன்னாடி முடி இருக்கே" என்று என்னிடம் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். இருக்கிற நாலு முடியும் அந்தக் காற்றில் எழுந்து நின்றது.

நீ கேட்டதற்கு வருகிறேன். காற்று தென்மேற்கு. உடுத்தியிருந்தது அம்மா பின்னிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. உருளைக்கிழங்கும் உப்பு மீனும் சாப்பிட்டார். காலையில் வலை பார்க்கப் போனார், பாறைக்குப் பக்கத்தில் அலை கவிழ்த்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ரக்னாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
பெத்ரினே


ஓஸ்லோ
6 ஏப்ரல் 1934

அன்புள்ள அக்கா,

வெங்காயச் சாறு வேலை செய்தது. ஆனால் ஒரு வாரம் ரக்னா என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. அத்தான் வீடு திரும்பியிருப்பார், அவருக்கு என் வணக்கம். கொர்னேலியுஸிடம், அடுத்த புத்தகத்தில் அடர்த்தியான முடியுள்ள ஒரு கடைக்காரனை வைக்கிறேன் என்று சொல்.

அக்கா, உன் பதிலை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் இடிக்கிறது. காய்ச்சல் தணிந்து நான் முதன்முதலாக வெளியே வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படகுக் கொட்டகைவரை நடந்தேன். வலைகள் அத்தனையும் உள்ளே உலர்ந்து தொங்கின. எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. அப்பா எந்த வலையைப் பார்க்கப் போனார்?

அப்பா எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று உனக்குத் தெரியும். தென்மேற்குக் காற்றில் பக்கத்துத் தீவில் கல்யாணம் என்றால்கூடப் படகை எடுக்க மாட்டார். அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில்தான் என் கவிதைகள் தேர்வாகிவிட்டன என்று தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். ஆசிரியப் பயிற்சி, செய்தித்தாள் வேலை, நம் கரைப் பேச்சில் எழுதுகிறேன் என்று இங்கே கேலி செய்தவர்கள், பிறகு அதற்காகவே பாராட்டியவர்கள். ஒன்றையும் அப்பா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். சிரிக்காதே.

வலையைப் பற்றி எழுது.

அன்ஸ்கார்


ஸ்கார்வெய்
27 மே 1934

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். உன் அத்தான் இரண்டு கிலோ இளைத்து வந்தார், நான் நாலு கிலோ ஏற்றிவிட்டேன்.

ஈடர் வாத்துகள் வந்துவிட்டன. இந்த வருஷம் கல் கூடுகளில் அறுபத்திரண்டு அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன. பாசியை உலர்த்திப் புதுப் படுக்கை போட்டேன். மேற்குக் கூட்டில் ஒருத்தி இருக்கிறாள், நான் போனால் எழுந்திருக்கவே மாட்டாள், கையால் தடவினாலும் சும்மா இருப்பாள். அவை மிரளாமலிருக்க நாய்களைக் கட்டியே வைத்திருக்கிறோம். பிள்ளைகள்கூடக் கத்துவதில்லை. இந்த மாதம் முழுக்கத் தீவே மெதுவாகத்தான் பேசுகிறது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

பதினோரு ஆட்டுக்குட்டி. ஒன்று கறுப்பு.

வலையைப் பற்றி எனக்கு இப்போது நினைவில்லை. இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஓஸ்லோ
18 ஜூன் 1934

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உனக்கு நினைவில்லாமல் இருக்காது. பத்து வயதில் நான் உடைத்த கோப்பையின் நிறம்கூடச் சொல்கிறவள் நீ. நீ சொல்லாததிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததை எழுதியும்விட்டேன். பதினொன்றாம் அத்தியாயத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

அதில் அப்பா வலை பார்க்கப் போகவில்லை. திரும்பி வரக்கூடாது என்றே போகிறார். அந்த வருஷம் அவர் யாரோடும் பேசாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவும் நீயும் வெளியே தெரிந்தால் அவமானம் என்று வலைக் கதையைச் சொன்னீர்கள், அம்மா அதைத் தன்னோடு கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்குக் கோபமில்லை, அக்கா. அன்போடுதான் எழுதியிருக்கிறேன். அவரைத் தீர்ப்புச் சொல்லும் ஒரு வார்த்தை அதில் இல்லை.

பதிப்பகத்தில் படித்துவிட்டு, நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்கிறார்கள். அக்டோபரில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீ படித்துவிட வேண்டும்.

உன் அன்ஸ்கார்


ஸ்கார்வெய்
9 செப்டம்பர் 1934

அன்புத் தம்பி,

சுகம். நீயும் ரக்னாவும் சுகமாக இருக்க வேண்டும்.

ஜூலையில் உனக்கு இரண்டு கடிதம் எழுதி இரண்டையும் அடுப்பில் போட்டேன். பிறகு வைக்கோல் வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். வைக்கோல் காய்ந்து கொட்டிலுக்குப் போய்ப் பல நாள் ஆகிவிட்டது. உன் அத்தியாயத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "இதுக்கு மேலயும் நீ சும்மா இருந்தேன்னா, மாமா ரெண்டாம் தடவ முழுகற மாதிரி" என்றார். ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி. ரக்னா பக்கத்தில் இருக்கட்டும்.

அப்பா சாகப் போகவில்லை. வலை பார்க்கவும் போகவில்லை. உன் பொட்டலத்தைக் கப்பலில் கொடுக்கப் போனார்.

நீ இருபத்திரண்டு கவிதையை நல்ல எழுத்தில் எழுதி, பழுப்புக் காகிதத்தில் கட்டி வைத்திருந்தாய். அது போட்டிக்காக அக்டோபர் இருபத்தைந்துக்குள் தலைநகரம் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்கு ஒரு கப்பல், வியாழக்கிழமை காலையில். அது நம் துறைக்குள் வராது, படகில் எதிரே போய்த்தான் கொடுக்க வேண்டும். காற்றைப் பார்த்துவிட்டு கொர்னேலியுஸ் தபால் படகை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உன் அத்தான் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போயிருந்தார். உனக்குக் காய்ச்சல் நாற்பதைத் தாண்டியிருந்தது. கப்பலின் ஊதல் கேட்டதும் நீ கட்டிலை விட்டு இறங்கிக் காலணியைத் தேடினாய். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசல்வரை போய்விட்டாய். அப்பா உன்னைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்.

"நான் குடுத்துட்டு வரேன். நீ படுடா" என்றார்.

"சத்தியமா?" என்றாய் நீ.

"சத்தியமா."

கொண்டுபோய்க் கொடுத்தார். கப்பலின் துணைக் கேப்டன் பிற்பாடு அம்மாவிடம் வந்து சொன்னார்: "கயித்தப் போட்டேன், ஏறிக்கோ, படகக் கட்டி இழுத்துக்கலாம், அடுத்த துறையில எறங்கிக்கலாம்னு கெஞ்சினேன். பையன் காய்ச்சல்ல கெடக்கான், போகணும்னுட்டாரு." திரும்பி வரும் வழியில்தான் பாறையடியில் அலை உடைந்தது. கொர்னேலியுஸ் கிடங்கு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ கண் விழித்தது பன்னிரண்டாம் நாள். உனக்கு ஒன்றும் நினைவில்லை. "என் பொட்டலம் போச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த வியாழனுக்கு முந்தின வாரக் கப்பலிலேயே போய்விட்டது என்றாள் அம்மா. அன்று மத்தியானமே சால்வையைப் போர்த்திக்கொண்டு தீவிலிருந்த நாலு வீட்டுக்கும் போனாள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் நின்றுகொண்டே ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அவரு வல பாக்கப் போனாரு. பையன் எழுதணும். இது தெரிஞ்சா அவன் பேனாவத் தொட மாட்டான்."

அன்றிலிருந்து இந்தத் தீவில் அப்பா வலை பார்க்கத்தான் போனார்.

நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறிவிட்டேன். உன்னை வருத்துவதற்காக அல்ல. அவரைப் பற்றி நீ எழுதியது பொய் என்பதற்காக.

அக்கா


ஓஸ்லோ
30 அக்டோபர் 1934

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல். நான் நலம். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று போனார். மறுநாள் பதிப்பகத்துக்குப் போய்க் கைப்பிரதியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார். காரணம் சொல்லவில்லையாம். அவர்களுக்குக் கோபம்.

ஆறு வாரமாக ஒரு வரி எழுதவில்லை. தினமும் துறைமுகம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். "அக்காவுக்கு ரெண்டு வரி எழுதுங்களேன்" என்றேன். "எந்தக் கையால எழுதறது ரக்னா?" என்றார்.

உங்கள் மேல் கோபம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னது நல்லது அண்ணி. இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரக்னா


ஸ்கார்வெய்
3 டிசம்பர் 1934

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். கோபம் இருந்தால் அதை மட்டும் எழுது, அதற்கும் நான் காத்திருப்பேன்.

உப்புப் போட்டு உலர்த்திய ஆட்டுத் தொடை ஒன்றும், காலுறை இரண்டு ஜோடியும் அனுப்புகிறேன். தொடை அந்தக் கறுப்புக் குட்டியுடையது அல்ல. அவள் இருக்கிறாள், கொழுத்துவிட்டாள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். யாருமில்லாத நேரம் பார்த்து கொர்னேலியுஸ் கேட்டார், "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அப்படியே மீன் பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு நான் படக எடுத்திருக்கணும்" என்றார். பிறகு ஒவ்வொரு அலமாரியாகத் துடைத்தார். நான் காப்பிப் பொடி கேட்டேன், அவர் உப்பு கட்டிக் கொடுத்தார். அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுபத்தொரு வயது மனிதர். இத்தனை வருஷமாக உன் புத்தகம் ஒவ்வொன்றையும் அவர் ஏன் இரண்டு தடவை படித்தார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

குளிரில் நடக்காதே.

அக்கா


ஓஸ்லோ
20 ஜனவரி 1935

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். காலுறை சரியாக இருக்கிறது. ஆட்டுத் தொடை புத்தாண்டுக்குள் தீர்ந்துவிட்டது. நாலு மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

கோபம் இருந்தது. உன் மேல் அல்ல. கவிதைகள் மேல். முதல் தொகுப்பைப் பரணிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். இருபத்திரண்டில் இரண்டு தேறும். மிச்சம் பதினேழு வயதுப் பையன் யாரிடமிருந்தோ கடன் வாங்கிய பெருமூச்சு. இதற்கா? இதற்காகவா ஒரு மனிதர் அந்தக் கடலில் துடுப்புப் போட்டார்? ஐந்து நாவலையும் அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் தராசு அசையவில்லை.

கொஞ்ச நாளாக ஒன்று நினைவுக்கு வருகிறது. என் நெற்றியில் ஒரு கை. தார் வாசனை. அது நிஜமான நினைவா, உன் கடிதத்தைப் படித்து நானே கட்டிக்கொண்டதா, எனக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு தண்டனை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? பிள்ளை காய்ச்சலில் கேட்கிறான் என்று எடுத்துப்போனாரா, இல்லை தெரிந்தே போனாரா? கரையில் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது. எனக்காக எதையும் உண்டாக்காதே. அதை நானே செய்துகொள்வேன்.

அன்ஸ்கார்


ஸ்கார்வெய்
12 பிப்ரவரி 1935

என் அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அத்தானிடம் காட்டினேன். அவர் காப்பி போட்டார். குடித்துவிட்டுத்தான் பிரித்தேன். இங்கே எல்லோரும் சுகம்.

செப்டம்பர் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து அல்ல. அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அப்பா கரையில் கடைசியாகப் பேசியது என்னோடுதான், ஆனால் பேசியதெல்லாம் உன்னைப் பற்றி. இருபத்திரண்டு வயதில் அது எனக்கு வலித்தது. பிறகு வலி போய், என்னிடம் இருக்கிற ஒரே சொத்து மாதிரி ஆகிவிட்டது. கொடுக்க மனம் வரவில்லை. இப்போது கேட்டுவிட்டாய், எடுத்துக்கொள்.

படகைத் தள்ளிவிட நான் கூடப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டேன், "இந்த அலையில போகணுமாப்பா? அதுல என்ன இருக்குன்னாவது தெரியுமா?"

அப்பா பொட்டலத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "நேத்து கொட்டகையில வெச்சுப் பிரிச்சுப் பாத்தேன். திரும்பக் கட்டிட்டேன். அவங்கிட்ட சொல்லாத."

"படிச்சீங்களா? எல்லாத்தையுமா?"

"ஒரு நாள் முழுக்க ஆச்சு. பாதி புரியல." துடுப்பைப் பொருத்திக்கொண்டே சொன்னார், "நீர்க்காகத்தப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கான். அதுல ஒரு தப்பு இருக்கு. காத்துக்கு முதுகு காட்டி உக்காந்திருக்காம். நீர்க்காகம் அப்படி உக்காராது, மூஞ்சியத்தான் காட்டும். எந்திரிச்சதும் அவங்கிட்ட சொல்லணும்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரியாப் பாத்திருக்கான். இந்தப் பாறையில நாப்பது வருஷமா நான் பாக்கறததான் எழுதியிருக்கான். இது போய்ச் சேரணும், பெத்ரினே."

படகு நகர்ந்தது. அவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூட நான் உண்டாக்கியது இல்லை.

அக்கா


ஓஸ்லோ
5 மே 1935

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று ரக்னாவுக்குத்தான் தெரியும். அவள் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கச் சொல்கிறாள். நான் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் தொகுப்புக்கு மறுபதிப்பு போடுகிறார்கள். நீர்க்காகத்தைத் திருப்பி உட்கார வைத்துவிட்டேன். பதிப்பாசிரியர் கேட்டார், "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு வரிய மாத்தறீங்களே, யாரு தப்புன்னு சொன்னது?" அப்பா சொன்னார் என்றேன். "அவர் எப்பச் சொன்னார்?" என்றார். இப்போதுதான் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நாவல் போன வாரம் முடிந்தது. பதினொன்றாம் அத்தியாயம் இப்போது ஒன்றரைப் பக்கம்தான். அதில் அப்பா வலை பார்க்கப் போகிறார். அம்மா சொன்னபடியே வைத்துவிட்டேன். நாலு வீடு காப்பாற்றி வைத்ததை நான் ஊருக்கு விற்க மாட்டேன். படிக்கிறவர்களுக்கு அது ஒரு மீனவன் வலை பார்க்கப் போன கதை. நம் தீவுக்காரர்களுக்கு வேறு. கைப்பிரதியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், கொர்னேலியுஸ் வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசிக்கிறேன். நீ சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும்.

ஜூன் பதின்மூன்று, வியாழக்கிழமைக் கப்பல். ரக்னாவும் வருகிறாள். அத்தானைப் படகோடு எதிரே வரச் சொல். காற்று தென்மேற்காக இருந்தால் வரவே வேண்டாம். அடுத்த துறையில் இறங்கி, கடல் அடங்கும்வரை காத்திருக்கிறோம். எத்தனை நாள் ஆனாலும் சரி.

உன் தம்பி,
அன்ஸ்கார்